பின்சுவர் வெடிப்பு

டிக்கோயாவுக்கு மேலே, சரிவில் இருந்தது எங்கள் வீடு. தேயிலைத் தோட்டத்தில் லொறி ஓட்டிய அப்பா, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை விட்டு எப்படியாவது வெளியே வந்துவிட வேண்டும் என்ற வீம்பில் கட்டியது. அவர் இறந்து இரண்டு வருடத்தில் அதை விற்க முடிவு செய்தோம். அம்மா தனியாக இருக்க முடியாது, ஹட்டனில் என்னோடு இருக்கட்டும் என்று ஊருக்குச் சொன்னோம். உண்மையான காரணம் பின்சுவர்.

மேட்டை ஒட்டிய அந்தச் சுவரில் ஒரு வெடிப்பு. அப்பா அதன் குறுக்கே பத்திரிகைத் துண்டுகளைக் கோதுமை மாப் பசையால் ஒட்டி வைப்பார். பெருமழை விட்டதும் டோர்ச் அடித்துப் பார்ப்பார். காகிதம் கிழிந்திருந்தால் மேட்டு மண் நகர்ந்து சுவர் அசைந்திருக்கிறது. கிழிந்த இடத்தில் பென்சிலால் தேதி எழுதிவிட்டுப் புதுத் துண்டு ஒட்டுவார். எங்கள் பக்கத்தில் பலரும் இப்படித்தான் பார்ப்பார்கள். பிள்ளைகள் நாங்கள் எவ்வளவு வளர்ந்தோம் என்று அப்பா ஒருநாளும் குறித்ததில்லை, சுவரைத்தான் குறித்தார். வெடிப்பு ஏறிக்கொண்டே போய், கடைசித் தேதி என் தலைக்கு மேலே இருந்தது.

வீடு பார்க்க ஆள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, காகிதங்களைச் சுரண்டி எடுக்கக் கத்தியோடு உட்கார்ந்தேன்.

"எதுக்குப் புள்ள சுரண்டுற? வாரவங்களும் பார்த்துட்டுப் போகட்டுமே" என்றாள் அம்மா.

"பார்த்தா வாங்குவாங்களாம்மா?"

"வாங்க மாட்டாங்கதான்."

 பிறகு காகிதம் ஊறட்டும் என்று அவளே கேத்தலில் சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எனக்கு அரை மூடை சீமெந்தும் ஒரு வாளி மஞ்சள் பெயின்டும் போதுமாக இருந்தது. ஒரு சுவர் மட்டும் புதிதாகத் தெரிந்தால் சந்தேகம் வரும் என்று மற்ற மூன்றுக்கும் அடித்தேன். பெயின்ட் வாசனை போக அம்மா சாம்பிராணி போட்டாள். திருட்டுக்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வந்தவள் என்னைவிட இளையவள், இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். புருஷன் இல்லை. குவைத்தில் ஆறு வருடம் அடுத்தவர் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சேர்த்த காசில் வீடு வாங்க வந்திருந்தாள். பின்சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள்.

"மழைக்கு ஒண்ணும் பயமில்லையேக்கா?"

"நாங்க முப்பது வருசம் இருந்தோமே தங்கச்சி" என்றேன்.

அது பொய்யில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

வீடு கைமாறியதும் பால் காய்ச்ச எங்களைக் கூப்பிட்டிருந்தாள். முழங்கால் வலி என்று அம்மா வரவில்லை. இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். உள்ளே நுழைந்ததும் பிள்ளைகளின் கட்டில் கண்ணில் பட்டது. பின்சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தாள். அந்தப் பக்கம்தான் காற்று வராதாம், குளிராதாம். பால் பொங்கியது. "நீங்க வாழ்ந்த வீடு, மொதல்ல நீங்கதாங்க்கா குடிக்கணும்" என்று முதல் டம்ளரை என் கையில் கொடுத்தாள். குடித்தேன். கோத்து வைத்திருந்ததெல்லாம் பாலோடு சேர்ந்து தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் பேசுவதே கேட்கவில்லை. நான் செருப்பைத் தேடினேன்.

"இந்த மழையில எங்கக்கா போறீங்க? இருந்துட்டுக் காலையில போங்க. புள்ளைங்களோட படுத்துக்கலாம்" என்றாள். சின்னவள் அதற்குள் தன் தலையணையை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள்.

"இல்ல தங்கச்சி, அம்மா தனியா இருப்பாங்க."

முப்பது வருடம் படுத்த வீடு. அன்றைக்கு ஒரே ஒரு ராத்திரி அங்கே படுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு, நனைந்துகொண்டே படியிறங்கினேன்.