காவல் நின்ற உடம்பு

முதலில் போனது ஒரு கடைவாய்ப் பல். கல்லையோ எலும்பையோ கடிக்கவில்லை. குழைந்த சோற்றை மென்றுகொண்டிருந்தபோது இரண்டாகப் பிளந்தது. துண்டைத் துப்பிக் கையில் வைத்துப் பார்த்தேன். சொத்தை இல்லை, நல்ல பல். பகல் முழுக்க நான் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கிறேன் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. என் கன்னத்துச் சதை இறுகி இறுகி விடுவதை அவள் பார்த்திருக்கிறாள். சொன்னால் கோபிப்பேன் என்று சொல்லவில்லை.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். திருப்பனந்தாளிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் எங்கள் ஊர். என் அப்பா ஒரு மிராசுதாரின் நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குச் செய்தார். குத்தகை நெல்லுக்கு ரசீது கொடுக்கிற வழக்கம் மிராசுதார் வீட்டில் இல்லை, கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அப்பா இறந்ததும், குத்தகை அவரோடு முடிந்துவிட்டது, நிலத்தை விட்டுவிடு என்று காரியஸ்தர் வந்து சொன்னார். மிராசுதார் கும்பகோணத்தில் இருந்ததால், ஊரில் அவருடைய நிலங்களைப் பார்த்துக்கொண்டவர் இந்தக் காரியஸ்தர்தான்.

உழுகிறவனை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் இருந்தது. எல்லா மேடையிலும் அதைப் பேசினார்கள். ஆனால் உழுகிறவன் நான்தான் என்பதற்குக் காகிதம் வேண்டும். எந்த வயலில் யார் பயிர் வைக்கிறார் என்று எழுதும் அடங்கல் கணக்கில், எங்கள் வயலுக்கு நேரே மிராசுதாரின் சொந்தச் சாகுபடி என்று பசலிக்குப் பசலி, வருஷம் தவறாமல், எழுதி வந்திருந்தார்கள். என் பெயரைப் பதியச் சொல்லி மனுக் கொடுத்தேன். விசாரணை நான்கு வருஷம் இழுத்தது.

பக்கத்து ஊரில் ஒரு குத்தகைக்காரர் சீர்காழியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் கழித்துத் திரும்பினார். அதற்குள் அவர் வயலில் நிலக்காரரின் டிராக்டர் இறங்கிவிட்டது. அதைக் கேள்விப்பட்ட பிறகு, விசாரணை நாள் தவிர, நான் ஊரை விட்டு நகரவில்லை. தங்கை மகளுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நான் போகவில்லை. வேறு யார் மடியிலோ உட்கார வைத்துக் குத்தினார்களாம். தங்கை ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை.

அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மாதங்கள்தான் எனக்குப் பயம். பயிர் இருந்தால் அதுவே சாட்சி. வெறும் வயலில் ஆள்தான் சாட்சி. சும்மா நிற்கவும் வெட்கமாக இருந்தது. அதனால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வரப்பின் பக்கங்களைச் செதுக்குவேன். நடவுக்கு முன்னால் ஒரு முறை செய்கிற வேலை அது. புல்லைச் சீவி, எலி வளையை வெட்டி, சேற்றைப் பூசி அணைப்பது. நான் வாரத்துக்கு இரண்டு முறை செய்தேன். காய்ந்த மண்ணில் பூச்சு ஏது, சீவல் மட்டும்தான். புதிதாக வெட்டிய மண் பளிச்சென்று தெரிந்தால், இந்த வயலுக்கு ஆள் இருக்கிறான் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும் அல்லவா?

காரியஸ்தர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்பார்: "என்னா தம்பி, வரப்புக்குச் சவரம் ஆயிடுச்சா? மீசைய மட்டும் வுட்டுட்டியே?"

பின்னால் உட்கார்ந்திருப்பவர் சிரிப்பார். நானும் சிரித்து வைப்பேன். அவர் போன பிறகு நெஞ்சு அடித்துக்கொள்வது நிற்க வெகுநேரம் ஆகும்.

அந்த மோட்டார் சைக்கிள் சத்தம் காதுக்கு எட்டும் முன்பே என் வயிற்றுக்கு எட்டிவிடும். வயிறு சுருண்டுகொள்ளும். நாளாக ஆக எந்த வண்டிச் சத்தத்துக்கும் சுருண்டது, பால்காரர் வண்டிக்குக்கூட. இரண்டு கவளத்துக்கு மேல் சோறு இறங்காது. இறங்கியதும் நெஞ்சில் எரியும். கழுத்திலிருந்து தோள் வரை நாற்றுக்கட்டு சுமப்பது போல் இருக்கும், இறக்கி வைக்க முடியாத கட்டு. அரிவாள் பட்ட சின்னக் காயம் ஒன்று நாற்பது நாள் ஆறாமல் கிடந்தது. எனக்குச் சர்க்கரை வியாதி என்று ஊரில் முடிவு கட்டினார்கள்.

கடைசியில் என் மனைவி வயலில் நிற்க, நான் கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தம் மட்டும் ஏறிக் கிடந்தது. டாக்டர் என்ன தொழில், என்ன கவலை என்று விசாரித்தார். எனக்கு வாய் எளிதில் வராது. வயல் கேஸ் என்று மட்டும் சொன்னேன்.

அவர் கேட்டார்: "பம்புசெட்ட நாலு வருஷம் நிறுத்தாம ஓட வுட்டா என்ன ஆவும்?"

"மோட்டாரு காயில் கருகிடுங்க."

"அதான் நடக்குது. ஆபத்துன்னா ஒடம்பு முறுக்கிக்கிட்டு நிக்கும். அது போனதும் தளரணும். ஒங்களுக்குத் தளரவே இல்ல."

மாத்திரை கொடுத்தார். வேளைக்குச் சாப்பிடு, டீயையும் பீடியையும் விடு, தினம் ஒரு மணி நேரம் வயலை நினைக்காமல் நட, மனதில் இருப்பதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல் என்றார். மாத்திரையை மட்டும் தின்றேன். மற்றது எல்லாம் நிலம் வைத்திருப்பவர்கள் செய்கிற காரியம் என்று நினைத்தேன்.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. என் வயல் மேட்டில் இருந்தது, மிராசுதார் சொந்தமாகப் பயிர் வைத்த வயல் அடுத்தாற்போல் பள்ளத்தில். இரண்டுக்கும் நடுவே இருந்த வரப்பு உடைந்து, என் வயல் தண்ணீர் முழுவதும் அவருடைய புது நடவில் பாய்ந்து நாற்றைப் பெயர்த்துக்கொண்டு போனது. போய்ப் பார்த்தேன். உடையாமல் நின்ற மிச்ச வரப்பு ஒரு சாண் அகலம்கூட இல்லை. அப்பா காலத்தில் இரண்டு பேர் எதிரெதிரே ஒதுங்காமல் நடப்பார்கள். நான்கு வருஷமாக நானே சீவிச் சீவி அதைக் கரைத்திருக்கிறேன்.

காரியஸ்தர் ஆள் வைத்து அளந்தார். குத்தகை கேட்பவன் வரப்பை வெட்டி நிலத்தை ஆக்கிரமித்தான், பயிரை அழித்தான் என்று எதிர்மனு போனது. அடுத்த விசாரணையில் அதிகாரி அதைத்தான் கேட்டார்.

"இந்த வரப்ப வெட்டுனது யாரு?"

வீட்டிலிருந்து பஸ் வரை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பதில் என்னிடம் இருந்தது. யார் மண்ணும் எனக்கு வேண்டாம், நான் இருக்கிறேன் என்று காட்டத்தான் வெட்டினேன் என்பது அந்தப் பதில். தாடை திறக்கவில்லை. திறக்க முயன்றேன், காதுக்குக் கீழே வலித்தது. இரண்டு முறை கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். வெட்டியதை ஒப்புக்கொண்டார் என்று எழுதி நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். எழுதியது பொய்யும் இல்லை.

தீர்ப்பு எதிராக வந்தாலும் மேலே அப்பீல் போகலாம், இன்னும் மூன்று நான்கு வருஷம் ஆகும் என்று கூட வந்திருந்த விவசாயச் சங்கத்துக்காரர் தைரியம் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னும் நாலு வருஷம் நெலம் இருக்குங்க. நீங்க இருக்கமாட்டீங்க."

மறுநாள் அவளே கும்பகோணம் போய் மிராசுதாரைப் பார்த்தாள். அவருக்கும் வழக்கு முடிந்தால்தான் நிலத்தை விற்க முடியும். மூன்று மா எங்கள் பெயருக்கு, மூன்று மாவை விட்டுக்கொடுப்பது என்று பேசி முடித்து வந்தாள். வாய்க்காலை ஒட்டிய நல்ல பாதி அவர்களுக்குப் போனது.

எழுதிக் கொடுத்துவிட்டு மத்தியானம் வீடு திரும்பினேன். ஒரு தட்டு சோறு முழுவதும் சாப்பிட்டேன். அப்படியே தரையில் சாய்ந்தவன் மறுநாள் வெயில் ஏறித்தான் எழுந்தேன். இரண்டு முறை மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்ததாக என் மனைவி சொன்னாள். அப்பா உழைத்த நிலத்தில் பாதி போன அன்றைக்கு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உடம்பு உடனே திரும்பிவிடவில்லை. இரண்டு வருஷம் பிடித்தது. சாயங்காலம் கொள்ளிடக் கரையில் நடந்தேன். வேளைக்குச் சாப்பிட்டேன். நடந்து திரும்பியதும், அன்றைக்கு மனதை அறுத்த ஒன்றையாவது சொல்லச் சொல்லி என் மனைவி கேட்பாள். முதலில் மாடு, மழை என்று எதையாவது சொல்லித் தப்பித்தேன். மெல்ல மெல்லக் காது குத்துக்குப் போகாததைச் சொன்னேன், விசாரணையைச் சொன்னேன். தோள் இறங்கியது. வயிறு ஆறியது. தாடை மட்டும் இன்றும் முழுதாகத் திறப்பதில்லை.

விட்டுக்கொடுத்த பாதியை வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர் வாங்கிப் பயிர் வைக்கிறார். நான் அதன் ஓரமாகத்தான் தினமும் போகிறேன், ஒன்றும் செய்வதில்லை. என் மனைவி அந்தப் பக்கம் வரமாட்டாள். மதகைச் சுற்றிக்கொண்டு வருவாள். விற்றுத் தின்றவள் என்று யாரோ அவள் காதுபடச் சொல்லியிருக்கிறார்கள். நான் தேறி வந்த நாட்களில் அவள் இளைத்துக்கொண்டு வந்ததை நான் கவனிக்கவில்லை. போன மாதம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது பார்த்தேன். அவள் கன்னத்துச் சதை இறுகி இறுகி விட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். கதிர் முற்றி நிற்கிற நேரத்தில் இரண்டு பேரும் போய்விட்டால் வயலை யார் பார்ப்பது என்றாள். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவளுக்கு முன்னால் பஸ்ஸுக்கு நடந்தேன்.