நெற்றியைத் துடைத்த இடம்

காலையில் நானே பூசிவிட்ட திருநீற்றை மகளின் நெற்றியிலிருந்து நானே ஏன் துடைத்தேன்? இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று ஷாஃப்ஹவுசன் ரயில் நிலையத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறோம். சுவிஸ் பிரஜாவுரிமைக்கான நேர்காணலுக்குப் போகிறோம். ஈரத்தாளால் அவள் நெற்றியைத் தேய்க்கிறேன்.

“விடுங்கோ அம்மா. கும்பிடுறது அவரவர் விருப்பம், அரசாங்கம் தலையிடக்கூடாது எண்டு அமெரிக்காவை உருவாக்கினவை எழுதினவை. நான் பள்ளிக்கூடத்தில அதைப் பற்றிக் கதைச்சனான்.”

பக்கத்துக் கோப்பிக் கடையில் நிற்கும் யாழ்ப்பாணத்து அண்ணை சிரிக்கிறார். “அமெரிக்காக் கதைக்கு இஞ்ச பாஸ்போர்ட் குடுப்பினமோ பிள்ளை? எழுதின ஆக்களிலயே கனபேர் அடிமையள் வச்சிருந்தவை.”

“அப்ப எழுதினது பிழையோ?”

“எழுதினது சரி. நேர்காணல் மேசைக்கு அங்கால இருக்கிறவை என்ன நினைப்பினமெண்டு ஆருக்குத் தெரியும்?”

திருநீற்றைக் கண்டால் பிரஜாவுரிமை தராமல் விடுவார்களோ என்ற என் பயமும் அதுதான். தேய்த்ததில் அவள் நெற்றி சிவந்துவிட்டது. மகள் என் கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து நீட்டுகிறாள். “திருப்பிப் பூசிவிடுங்கோ.”

பஸ் வருகிறது. பொட்டலத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஏறுகிறேன்.

நேர்காணலில் யாரும் சாமியைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் இப்போது காலைகளில் திருநீறு பூச அவள் என்னிடம் நெற்றியைக் காட்டுவதில்லை. உங்களில் இப்படிப் பயந்த அம்மாக்கள் இருந்தால், பிள்ளையிடம் பிறகு என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.