கழுத்துக்குள் விழுந்த இரும்புச் சுருள்

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் எம்.டெக். படித்துக்கொண்டிருந்தேன். லேத்தில் இரும்பைக் கடையும்போது வெட்டும் முனையில் எவ்வளவு சூடு ஏறும் என்று முன்கூட்டியே கணக்கிடுவதும், பிறகு ஓட்டிப் பார்த்து அளப்பதும்தான் என் ஆராய்ச்சி. கல்லூரிப் பட்டறையில் பெண் நான் ஒருத்திதான்.

ஒருநாள் வெளியூர்ப் பேராசிரியர்கள் சிலர் பார்க்க வந்தார்கள். லேத் ஓடிக்கொண்டிருந்தது. சூட்டில் பெரும்பங்கைச் சீவி வரும் சுருளே எடுத்துக்கொண்டு போய்விடும் என்று இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தேன். சூட்டில் நீலம் பாய்ந்த ஒரு துண்டு தெறித்து, என் சுரிதாரின் கழுத்து வழியே உள்ளே விழுந்தது.

துள்ளி உதறியிருக்க வேண்டும். சுற்றிலும் ஆண்கள். அவர்கள் முன்னால் மார்பருகே கையைக் கொண்டுபோவதை நினைத்ததுமே உடம்பு கூசியது. சூட்டை அளக்கும் மீட்டரின் முள் நிற்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"குட்டி, ரீடிங் எடுத்தோ?" என்றார் என் கைடு.

சொன்னேன். நான் கணக்கிட்டிருந்ததற்கு மிகவும் பக்கத்தில் இருந்தது.

"மிடுக்கி!" என்று, கெட்டிக்காரி என்ற மெச்சலோடு சிரித்தார். வந்தவர்கள் கைதட்டினார்கள். என் கண்ணில் நின்ற நீரைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள் போலும்.

பெண்கள் கழிப்பறை அடுத்த கட்டடத்தில். ஓடினால் ஏன் என்று கேட்பார்களே என்று நடந்தே போனேன். சுருள் தோலோடு ஒட்டியிருந்தது.

ஸ்ரீவராகத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு அம்மாவிடம் காட்டினேன்.

"ஐயோ, யாராவது பாத்தாளா?"

"ஒருத்தருக்கும் தெரியாதும்மா."

"நல்ல வேளை."

பிறகுதான், "ரொம்ப எரியறதாடீ?" என்று கேட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பட்டறையில் நானும் முதலில் நினைத்தது அதையேதான். வெந்துகொண்டிருந்தபோதுகூட வலிக்கு அல்ல, பார்வைகளுக்குத்தான் பயந்தேன். அதை நினைத்தால் இன்றும் கூனிக் குறுகிப்போகிறேன்.

இரண்டு நாள் காய்ச்சல் என்று லீவு சொன்னேன். புண் ஆறியபின் கிழக்கேகோட்டையில் ஒரு தையல் கடைக்குப் போய், கழுத்துவரை பொத்தான் வைத்த காக்கிக் கோட்டு வேண்டும் என்றேன். கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்து ஆள்.

"அளவு கொண்டு வந்திருக்கியளா? அண்ணனுக்கா, தம்பிக்கா?"

"எனக்குத்தான்" என்றேன். அதையும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது.