சிக்கந்தர் கடை வாசல் டின்

பினாங்குத் தீவின் பாயான் பாருவில் சிக்கந்தரைப் பற்றி விசாரித்தால் பத்துப் பேரில் ஒன்பது பேர் நல்ல மனுஷன் என்பார்கள். பத்தாவது ஆளின் வாயில் ரொட்டி இருக்கும், அவன் தலையை மட்டும் ஆட்டுவான். அக்கரையில் சுங்கை பாக்காப்பில் பிறந்து, பதினேழு வயதில் தீவுக்கு வந்து, அடுத்தவர் கடையில் மங்கு தட்டு கழுவி, தேத்தண்ணீர் கலக்கி, ரொட்டி வீசி, கடைசியில் தனக்கென்று ஒரு கடை பிடித்தவர். கடன் கேட்டவனைக் கடிந்து பேசியதில்லை. பசி என்று வந்தவனை நிற்க வைத்ததில்லை. அப்படிப்பட்ட மனுஷன்தான் ஒரு காலை வேளையில், ஒரு நிமிஷத்தில், ஒரு பெண்ணின் தலைமேல் பழியைத் தூக்கிப் போட்டார்.

எல்லாம் ஒரு டின்னால் வந்தது.

அது பழைய பெயிண்ட் டின். அதில் சிமெண்டைக் கரைத்து ஊற்றி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, சிவப்பும் வெள்ளையுமாகச் சாயம் அடித்து, குழாயின் தலையில் காலியான பால்டின் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார் சிக்கந்தர். கடைக்கு முன்னால் ரோட்டோரமாக மிதிவண்டிப் பாதை என்று மாநகர் மன்றம் கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டுக்குள்தான் டின் நிற்கும். காலையில் வேலைக்குப் போகும் வழியில் சாப்பிட வருகிற ஃபேக்டரி மேலாளர்களுக்கு காரை நிறுத்த இடம் வேண்டுமே. அவர்கள் வரும்போது கடை ஆள் ஓடிப் போய் டின்னை நகர்த்துவான். போனதும் மறுபடி வைப்பான்.

சிக்கந்தர் மட்டுமா வைத்தார்? அந்த வரிசையில் கடைக்கு ஒரு டின் இருந்தது. மாநகர் மன்ற லாரி முனையில் திரும்பினால் முதல் கடையில் சாவி வெட்டுகிறவர் விசில் அடிப்பார். அரை நிமிஷத்தில் அத்தனை டின்னும் கோழிக்குஞ்சு மாதிரி உள்ளே ஓடிவிடும். லாரி போனதும் வெளியே வந்துவிடும். பதினோரு வருஷமாக நடந்த கூத்து இது. சீருடையைக் கண்டால் கை தானாக டின்னைத் தேடும்.

அந்தக் கூத்தைத் தட்டிக் கேட்ட ஒரே ஆள் ஞானாம்பிகை. மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் முப்பது வருஷம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். தாத்தா காலத்திலேயே பினாங்குக்கு வந்துவிட்டாலும் வீட்டில் அந்தப் பேச்சு இன்னும் போகவில்லை. தினமும் காலையில் முன்கூடை வைத்த சைக்கிளில் மார்க்கெட்டுக்குப் போவார். திரும்பும்போது சிக்கந்தர் கடையில் இறங்கி, கணவர் தம்புவுக்கு இடியாப்பம் கட்டிக்கொண்டு போவார்.

"தம்பி, சைக்கிளும் சட்டப்படி வாகனம்தான். ரோட்டில எனக்கும் இடம் இருக்கு. அதில நீங்க டின்னை வச்சா நான் எங்கால போறது?" என்பார்.

"அக்கா, உங்களுக்கு என் மனசிலயே இடம் இருக்கு. ரோட்டுல எதுக்குலா?"

"உங்கட மனசுக்குள்ள சைக்கிள் ஓட்டேலாது, தம்பி."

இருவரும் சிரிப்பார்கள். இடியாப்பப் பொட்டலம் கைமாறும். டின் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சிக்கந்தரும் ஒரு காலத்தில் சைக்கிள்காரர்தான். பத்தொன்பது வயதில் ஃபேக்டரிகளுக்குத் தே பொட்டலம் கொண்டுபோகும்போது ஒரு லாரி அவரை உரசிச் சாக்கடையில் தள்ளியது. வந்த போலீஸ்காரர், ஓரமாகப் போகாமல் நடுரோட்டுக்கு ஏன் வந்தாய் என்று அவரையே திட்டினார். ஓரமாகத்தான் போனேன் என்று சொன்னதை எவனும் காதில் வாங்கவில்லை என்று முப்பது வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் புலம்பியவர் அவர்.

அன்று பிப்ரவரி மாதம், காலை எட்டேகால். நல்ல வெயில். சிக்கந்தர் கல்லாவில் இருந்தார். ஞானாம்பிகை மார்க்கெட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். டின்னுக்கு இரண்டு கார் தூரத்திலேயே திரும்பிப் பார்த்து, வலது கையை நன்றாக நீட்டி, டின்னைச் சுற்றிப் போவதற்காக ரோட்டுக்குள் வந்தார். பின்னால் வேலைக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்த காரொன்று சைக்கிளின் பின்சக்கரத்தில் இடித்தது. கத்தரிக்காயும் கீரையும் ரோடெல்லாம் சிதறின. ஞானாம்பிகை இடது கை அடியில் மாட்டிக்கொள்ள விழுந்தார். தலையும் தரையில் பட்டது.

எல்லோரும் ஓடினார்கள். சிக்கந்தரும் ஓடினார். பாதி வழியில் முனையில் போலீஸ் மோட்டார் சைக்கிள் திரும்புவது தெரிந்தது. அவர் கால் நின்றது. கை டின்னைப் பிடித்தது. பதினோரு வருஷப் பழக்கம், யோசனைக்கு அங்கே வேலையே இல்லை. டின்னை உருட்டிக்கொண்டு போய்ப் பின்கட்டில் மங்கு கழுவும் தொட்டிக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தபோது, வரிசையில் இருந்த மற்ற டின்களும் மாயமாகியிருந்தன.

அதுவரை நடந்ததைக்கூட மன்னித்துவிடலாம். அது கை செய்த வேலை. அடுத்ததை வாய் செய்தது.

ஆம்புலன்சில் ஏற்றும்போது ஞானாம்பிகை போலீஸ்காரரிடம் தெளிவாகச் சொன்னார். பாதையில் டின் இருந்தது, சிவப்பு வெள்ளைக் குழாய், அதன் தலையில் பால்டின், அதனால்தான் கை காட்டி விலகினேன். போலீஸ்காரர் பாதையைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. கார்க்காரன், எதையும் பார்க்கவில்லை, அந்த அம்மா திடீரென்று குறுக்கே வந்தார் என்றான். அவன் காரில் கேமரா இல்லை. சிக்கந்தர் கடையில் கேமரா இருந்தது, ஆனால் அது ரோட்டையா பார்க்கும், கல்லாப்பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

போலீஸ்காரர் சிக்கந்தரிடம் வந்தார்.

"அடா தோங் சினி?" இங்கே டின் இருந்ததா?

"தாக் அடா, துவான்," என்றார் சிக்கந்தர். இல்லை, ஐயா.

அவ்வளவுதான். தடை எதுவும் இல்லாத இடத்தில் சைக்கிள்காரர் கவனமின்றி விலகினார் என்று அறிக்கை எழுதப்பட்டது. அபராதச் சம்மன் ஞானாம்பிகையின் பேருக்கு வந்தது. கடை ஆட்கள் வாய் திறக்கவில்லை, முதலாளி சொன்ன பிறகு அவர்கள் என்ன சொல்வது? அன்றிரவு மனைவி ரோஹானா மட்டும் கேட்டார், "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" சிக்கந்தர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, உடைந்த கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டுக்கொண்டு ஞானாம்பிகை நடந்தே கடைக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று சிக்கந்தர் நினைத்தார். அவர் சண்டை போடவில்லை. ஒரு தே வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ. அண்டைக்கு வாசல்ல டின் இருந்ததுதானே? பால்டின் கவுத்த டின்?"

உள்ளதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. கடையில் கூட்டம் இல்லை. கேட்டவரின் குரலில் கோபமும் இல்லை. ஆனால் போலீசில் ஒன்று சொல்லிவிட்டு இப்போது வேறொன்று சொன்னால் என்ன ஆகும், கடை லைசென்ஸ் என்ன ஆகும் என்று சிக்கந்தரின் புத்தி கணக்குப் போட்டது.

"எனக்கு ஞாபகம் இல்லக்கா. அன்னிக்கு ஒண்ணும் வெளிய வைக்கலன்னுதான் நெனைக்கிறேன்."

ஞானாம்பிகை வாசலைப் பார்த்தார். விபத்துக்குப் பிறகு பயந்துபோய் அந்த வரிசையில் யாரும் டின் வைப்பதில்லை. பாதை துடைத்துவிட்டது போலக் கிடந்தது.

"அப்ப எனக்குத்தான்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. தேயில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று சிக்கந்தர் நினைத்தார். ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. கோபம் என்றால் ஒருநாள் ஆறிவிடும் அல்லவா?

அதன்பிறகு ஞானாம்பிகை வரவில்லை. சம்மனை எதிர்த்து வழக்காடப் போகிறார் என்று பேச்சு அடிபட்டது. பிறகு, தப்பை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிட்டார் என்று சிக்கந்தர் கேள்விப்பட்டார். டின் தொட்டிக்கு அடியில் கிடந்தது. கை கழுவப் போகும்போதெல்லாம் கண்ணில் படும். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, வெளியே எடுக்கவும் துணிவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் தம்பு வந்தார். இடியாப்பம் வாங்க அவர் வருவது அதுதான் முதல் தடவை.

"அக்கா கை எப்படிண்ணே?" என்று கேட்டார் சிக்கந்தர்.

"கை பரவாயில்லை. தலையை நினைச்சாத்தான் பயமாயிருக்கு," என்றார் தம்பு. "டின் இருந்ததெண்டு அடிச்சுச் சொன்னவள். நீங்க இல்லையெண்டு சொன்ன பிறகு ஆள் ஒடிஞ்சு போனா. சிக்கந்தர் ஏன் பொய் சொல்லப் போறார், எனக்குத்தான் மூளை பிசகிட்டுது எண்டு ஒரே அழுகை. அவட அம்மாவும் கடைசிக் காலத்தில ஆக்களை மறந்து போய்த்தான் செத்தவ. இப்ப நினைவைச் சோதிக்க மாசம் ஒருக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறன். டாக்டர் ஒண்டும் இல்லையெண்டுதான் சொல்லுறார். அவள் நம்புறா இல்லை."

சிக்கந்தர் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தார். நூல் இரண்டு தடவை அறுந்தது. அந்தப் பெண் அன்று கோபித்துக்கொண்டு போகவில்லை, பயந்துபோய்ப் போயிருக்கிறார். இவர் சொன்னது பொய் என்று ஒரு கணம் சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்பார். நல்ல மனுஷன் என்று நம்பித் தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். அந்த நல்ல பேரை நினைத்து சிக்கந்தருக்கு அன்று அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை ரோஹானாவைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டுப் போலீஸ் நிலையத்துக்குப் போனார். பழைய போலீஸ்காரர் மாற்றலாகிப் போயிருந்தார். வேறொரு சார்ஜன் இருந்தார்.

"நான் பொய் சொல்லிட்டேன், துவான். டின் இருந்திச்சு. என் டின்தான்," என்றார்.

சார்ஜன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். ஆறு மாதம் எங்கே போயிருந்தாய் என்று கேட்டார். சொன்னதையெல்லாம் எழுதி, கையெழுத்து வாங்கி, கோப்பில் சேர்ப்பதாகச் சொன்னார். சம்மன் கட்டி முடிந்த விஷயம், அதைத் திருப்புவதென்றால் அந்த அம்மா வக்கீலைப் பார்க்க வேண்டும், லேசில் நடக்காது என்றார். பொய் வாக்குமூலத்துக்கு உன்னையும் கூப்பிடுவார்கள் என்றார். கூப்பிடட்டும் என்றார் சிக்கந்தர்.

அங்கிருந்து கடைக்கு வந்து டின்னை வெளியே இழுத்தார். ஞானாம்பிகையின் அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடவில்லை. நான்கு மாடியும் சிமெண்டுக் கட்டியைச் சுமந்துகொண்டு ஏறினார். படிக்குப் படி மூச்சு வாங்கியது. வாங்கட்டும் என்றுதான் இருந்தது அவருக்கு.

கதவைத் திறந்த ஞானாம்பிகை பாதியாக மெலிந்திருந்தார். முதலில் சிக்கந்தரைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். சிவப்பு வெள்ளைக் குழாய். அதன் தலையில் பால்டின். குனிந்து அந்தப் பால்டின்னைத் தொட்டார். எடுத்துப் பார்த்தார். மறுபடி அதே மாதிரிக் கவிழ்த்து வைத்தார்.

"இருந்துச்சுக்கா," என்றார் சிக்கந்தர். "நீங்க சொன்ன எடத்துல, நீங்க சொன்ன மாதிரியே இருந்துச்சு. நான்தான் எடுத்து ஒளிச்சேன். போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வர்றேன். என்னை மன்னிச்சிருங்கக்கா."

உள்ளே இருந்து தம்பு வந்து நின்றார்.

"ஆறு மாசமா நான் என்னையே நம்பேல்லை, தம்பி," என்றார் ஞானாம்பிகை.

சிக்கந்தருக்கு எதையாவது செய்துவிட்டால் போதும் என்றிருந்தது. "சைக்கிள் எங்கக்கா? சக்கரம் மாத்தி, புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன். நாளைக்கே ஓட்டலாம். வாசல்ல இனிமே ஒரு துரும்பும் இருக்காது."

"சைக்கிள் இல்லை. பழைய இரும்புக் கடைக்காரனுக்குக் குடுத்திட்டன். புத்தி பிசகின பொம்பிளை ரோட்டில போகக்கூடாதெண்டு நான்தான் முடிவெடுத்தன். போலீசும் சொல்லேல்லை, இவரும் சொல்லேல்லை. நானே."

சிக்கந்தர் குனிந்து டின்னைத் தூக்கப் போனார். ஞானாம்பிகை சரியாக மடங்காத இடது கையால் அவரைத் தடுத்தார்.

"அது இங்க இருக்கட்டும். திரும்ப எனக்குச் சந்தேகம் வந்தால் பாக்க வேணும்."

சிக்கந்தர் டின்னை வாசலில் விட்டுவிட்டுப் படி இறங்கினார்.