பச்சையம்மாளிடம் திருப்பித் தராத சாமி

"அம்மா காலைல தவறிட்டாங்க சார். நீங்க வந்துதான் ஆவணும்னு இல்ல. சொல்லணும்னு தோணிச்சு." பச்சையம்மாளின் மகள் இவ்வளவுதான் சொன்னார். போனை வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

மரக்காணத்தில் அவரோடு உப்பு வாரியவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் அறிமுகமே ஒரு தகராறு. அப்போது நான் அருங்காட்சியகத்தில் பதிவு அலுவலர். பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றில் சிலை திருடு போயிருந்ததால், உப்பள வரப்பில் வெட்டவெளியில் இருந்த ஒரு பழைய கற்சிலையைப் பத்திரப்படுத்தச் சொல்லி எங்களுக்கு உத்தரவு வந்தது. தொழிலாளர்கள் கன்னியம்மா என்று கும்பிட்டுவந்த சாமி அது. எங்கள் வேனுக்கு முன்னால் பச்சையம்மாள் உட்கார்ந்துவிட்டார். ஆறே மாதத்தில் திருப்பித் தருவோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எழுந்து வழிவிட்டார்.

ஆறு மாதம் முடிந்த மறுநாளே அலுவலகத்துக்கு வந்தார். அதற்குள் எங்கள் நிபுணர் அது தவ்வை, மிக அரியது என்று எழுதி, சிலையைக் காட்சிக்கு வைத்துவிட்டார். தவ்வை என்றால் மூதேவி என்று காவலாளி விளக்கிவிட, பச்சையம்மாள் கொதித்துப்போனார். "கும்புடறவங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா? எங்க கன்னியம்மாவுக்கு மூதேவின்னு பேர் வெச்சிட்டீங்களே!" நிபுணர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர் யாரையும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

அதன் பிறகு நாங்கள் சொன்ன காரணங்களை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. பாதுகாப்பான அறை வேண்டும் என்றோம். வரப்போரம் இரும்புக் கதவோடு சிமெண்டு அறை கட்டினார்கள். பச்சையம்மாளும் செங்கல் சுமந்தார். அறைக்குச் சான்றிதழ் கேட்டோம். அலைந்து வாங்கி வந்தார். கடைசியில், உப்புக் காற்றில் கல் அரித்துவிடும் என்று ஒரு கடிதம். படித்துக்காட்டியதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்தினி வருசமா எந்தக் காத்துல சார் இருந்தா? ஏசி ரூம்லயா?"

அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்தான்.

பிறகு, சிலைக்குப் பதிலாக ஃபைபரில் ஒரு நகல் செய்து தர மேலதிகாரிகள் முடிவெடுத்தார்கள். நானே கொண்டுபோனேன். பச்சையம்மாள் அதை ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அச்சு அசலா இருக்குதுன்றீங்க. அப்ப இத நீங்க வெச்சிக்கிட்டு, அத எங்களுக்குக் குடுங்க. வேடிக்கை பாக்க வர்றவங்களுக்கு எதுவா இருந்தா என்ன?"

இத்தனை படித்தவர்கள் கூடிப் பேசியும் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது. அடுத்த கூட்டத்தில் அதைச் சொன்னேன். பாதியை ஏற்றுக்கொண்டார்கள். நகலைக் காட்சிக்கு வைத்தார்கள். அசலைக் கிடங்கில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

இதை நேரில் போய்ச் சொல்ல வேண்டியவனும் நான்தான். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பாத்தியில் உப்பை இழுத்துக்கொண்டே, "அப்ப யாருக்குமே இல்லன்னு சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகும் மனுப் போடுவதை அவர் நிறுத்தவில்லை. நான் ஓய்வு பெற்றேன். சிலை கிடங்கைவிட்டு வரவில்லை.

அவரைத் தூக்கிப் போனபோது, வரப்போரம் சாமிக்காகக் கட்டிய அந்த அறையின் முன்னால் சற்று இறக்கி வைத்தார்கள். கதவு திறந்திருந்தது. உள்ளே வெறும் பீடத்துக்கு யாரோ பூச் சாத்தியிருந்தார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய சளைக்காத எரிச்சல். அதைக் கைவிடுவதாக இல்லை. போன வாரம் பழைய அலுவலகத்துக்குப் போய், நான் கொடுத்த வாக்கு மீறப்பட்டது, சிலையை உடனே ஒப்படைக்க வேண்டும் என்று என் பெயரில் மனுக் கொடுத்தேன். என்னிடம் வேலை கற்ற அதிகாரி எனக்கு டீ வரவழைத்து, மரியாதையாக, "பாக்கலாம் சார்" என்றார்.

"என்னைக்கு?" என்று கேட்டேன்.