ஒன்றரை மணி நேரம்

"பஸ்ஸுல வந்தா ஒரு பகல் முழுக்கப் போயிரும்ப்பா. ப்ளேன்ல ஒன்றரை மணி நேரம்தான்" என்று ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து உம்டாட்டாவுக்கு டிக்கெட் எடுத்தவள் பும்லாதான். நல்ல மனசு, ஆனால் யோசனை கெட்டவள்.

அவள் அண்ணன் லுவுயோ ஜோஹன்னஸ்பர்க் பக்கம் சுரங்கத்தில் செத்துப்போனான். உடல் வண்டியில் ஊருக்கு வந்தது. எங்கள் வழக்கப்படி, செத்த இடத்திலிருந்து உயிரை இலந்தைக் கிளையில் அழைத்து வருவது அப்பா தெம்பெகிலேயின் வேலை. வேறு யாரிடமும் வாய் திறக்காமல், வழியெல்லாம் மகனிடம் மட்டும் பேசிக்கொண்டு வரவேண்டும். ஆறு வந்தால், "தாண்டுறோம்டா, கூடவே வா" என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அவன் அந்தக் கரையிலேயே நின்றுவிடுவான்.

ஜன்னலுக்குக் கீழே வெறும் மேகம். எந்த ஆற்றைக் கண்டார் மனுஷன், சொல்வதற்கு?

வீட்டு வாசலில் கிளையோடு நின்று மனைவியிடம், "வெறுங்கிளைதான்டி. பிள்ளைய வழியில விட்டுட்டேன்" என்றார்.

அடக்கம் முடிந்ததும் மறுபடி போனார். துணைக்குப் பக்கத்து வீட்டுக்காரனான நானும் போனேன். இந்தமுறை பஸ்ஸில் திரும்பினோம். நடத்துநர் கிளைக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜன்னலோர இருக்கையை மகனுக்குக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு பாலத்திலும் தெம்பெகிலே குனிந்து சொன்னார்: "வால் ஆறுடா, வா." "உம்சிம்வுபுடா, நம்ம பக்கம் வந்தாச்சு."

கடைசிப் பாலமும் போயிற்று. எங்கள் வீட்டுக் கூரைகள் கண்ணுக்குத் தெரிந்தன. அவர் கிளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் ரொம்ப தூரம் இருக்குடா" என்றார். "நீ தூங்கு."