செல்வநாயகி அறுத்து வைத்த வேர்முடிச்சுகள்

மதியம் போன் வந்தது. செல்வநாயகியின் தம்பி பேசினார். "அக்கா போயிட்டாங்க சார்" என்றார். "எங்க போனாங்க?" என்று கேட்டேன். காலையில் நாமகிரிப்பேட்டை நிலக்கடலைக் காட்டிலிருந்து வந்து, வேர்முடிச்சுத் துண்டுகள் போட்ட குப்பியை என் கையில் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு வருகிறேன் என்று அஸ்தம்பட்டி வீட்டுக்குப் போனவர். நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரி வாசல்வரைகூடத் தாங்கவில்லையாம். என்ன அநியாயம் இது!

எங்கள் ஆய்வகத்தில் இருந்தவர்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய வேர்முடிச்சுகளை நாங்களெல்லாம் செடியோடு சேலத்துக்குக் கொண்டுவந்துதான் அறுப்போம். அவரோ திசுவை அப்படியே நிறுத்தும் மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் காட்டுக்கே தூக்கிக்கொண்டு போவார். வரப்பில் உட்கார்ந்து, மருந்துச் சொட்டுக்குள்ளேயே முடிச்சைக் கடுகளவாக நறுக்குவார். "உசுரோட இருக்கறப்பவே நிறுத்தோணுமுங்க சார். இங்க கொண்டாந்து அறுத்தா நாம பாக்கறது பொணத்தைத்தான்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். இதற்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறோம்!

ஒருமுறை நானும் கூடப் போனேன். வேர்முடிச்சு எடுக்க வந்திருக்கிறோம் என்று அவர் சொன்னதும் காட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. வேரைக் கெடுக்கும் நூற்புழு நோய்க்கும் அங்கே அதே பெயர்தான். மனிதர் மளமளவென்று செடிகளைப் பிடுங்கத் தொடங்கிவிட்டார். செல்வநாயகி ஓடிப்போய்த் தடுத்து, ஒரு முடிச்சை நகத்தால் கீறி உள்ளிருந்த சிவப்பைக் காட்டினார். "சீக்கு இல்லீங்க சாமி. காத்துல இருக்கற நைட்ரஜனைப் புடிச்சு உங்க செடிக்குச் சோறு போடறதே இதுதானுங்க" என்றார். திரும்பி வரும்போது வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

போனை வைத்தபோது குப்பியின் குளிர்ச்சிகூடப் போகவில்லை. அன்றே கழுவி அடுத்த மருந்துக்கு மாற்றியாக வேண்டும். சாவு வீட்டுக்குப் போனால் எப்போது திரும்புவேனோ தெரியாது. ஒப்படைத்துவிட்டுப் போகவும் வேறு ஆளில்லை. கழுவி மாற்றினேன். அந்த மருந்தில் துண்டுகள் கறுத்து வரும்வரை பக்கத்திலேயே நின்றேன். நான் போய்ச் சேர்ந்தபோது மின்மயானத்தில் எல்லாம் முடிந்திருந்தது. முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவில்லை. அவருடைய தம்பி என்னோடு பேசவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை.

போன வாரம் அந்தத் துண்டுகளை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கித் திரையில் பார்த்தேன். ஒரு சவ்வுகூடக் கிழியவில்லை. செல் நிறைய பாக்டீரியா, வேலையின் நடுவில் நிறுத்தியபடி. அந்தக் காலை நேரம் அங்கே அப்படியே நிற்கிறது. அந்த நேரத்தில் செல்வநாயகி உயிரோடு இருக்கிறார். முகத்துக்குப் பதிலாக என்னிடம் இருப்பது இந்தப் படம்தான்.